நகப் பூச்சும் ஒளுவும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பெண்மைக்கு அலங்காரம் இயல்பானது. அதை மார்க்கம் ஒருபோதும் மறுக்கவில்லை. யார் முன் வெளிப்படுத்தலாம், யார் முன் மறைக்க வேண்டும் என்பதற்குத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் 31ஆம் வசனம் எல்லை வகுத்துத் தந்திருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்று தலை வாரி, சுர்மா இட்டு, கை சிவக்க மருதாணி வைத்துக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அலங்காரம் எதுவாயினும் அது இபாதத்துக்குத் தடையாக வந்து நிற்கக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் இன்று நம் பெண்மக்களில் பலர் அறியாமல் சறுக்கி விழுகிறார்கள். விரல் நுனியளவு இடத்தில் நேரும் சறுக்கல்தான். ஆயினும் அதன் விளைவு தொழுகையையே தொடுவதால் இம்மாதப் பாடமாக அதை எடுத்துக்கொண்டோம்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியை அடுத்த நிறுத்தம் பொத்தேரி. 1985இல் இங்கே ஒரு பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இன்று பெரும் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டான 1984இல் வண்டலூரில் தோன்றிய கிரசென்ட் கல்லூரியும் அவ்வாறே பல்கலைக்கழக நிலையை எட்டிவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எத்தனையோ ஊர்களின் முஸ்லிம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இப்பகுதி விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். உம்மாவின் கண்பார்வையில் இருந்தவரை நகத்துக்கு மருதாணி இட்ட பிள்ளை, விடுதிக்கு வந்ததும் தோழியின் கையைப் பார்த்து நகப் பூச்சுக்கு மாறுகிறாள். ஜி.எஸ்.டி. சாலையோரக் கடைகளில் சிறு குப்பியும் கிடைக்கிறது. நகத்தை அழகு செய்வதையே தொழிலாகக் கொண்ட கடைகளும் நகரமெங்கும் பெருகிவிட்டன.

இப்பிள்ளைகளின் மனத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன. காசு கொடுத்துப் போட்ட பூச்சு சீக்கிரம் பெயராமல் நீண்ட நாள் நிலைக்க என்ன வழி என்பது ஒன்று. அதை வைத்துக்கொண்டே தொழலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் கேள்விகள் என்பதைப் பிள்ளைகள் உணர்வதில்லை. பூச்சு எவ்வளவுக்கெவ்வளவு உறுதியாக நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு தண்ணீருக்கும் நகத்துக்கும் நடுவே சுவராக நிற்கிறது. நகத்தில் நிறம் நிலைக்கட்டும்; பூச்சு நிலைக்க வேண்டாம் என்பதே நாம் இக்கட்டுரையில் சொல்ல வருவது.

ஒளுவில் நகத்தின் பங்கு

அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா, தொழுகைக்கு நிற்கும்போது முகங்களையும், முழங்கைகள் வரை கைகளையும் கழுவி, தலையை மஸஹுச் செய்து, கணுக்கால்கள் வரை கால்களையும் கழுவிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறான். கை என்றால் விரல் நுனி முதற்கொண்டு கை. நகமும் அதில் அடக்கம். கால் நகமும் அவ்வாறே. ஆகவே இருபது நகங்களின் மேற்புறத்திலும் தண்ணீர் பட்டு ஓடுவது பர்ளு. அது சுன்னத்தன்று, விட்டுவிட்டால் பரவாயில்லை என்று தள்ளுவதற்கு.

ஸஹீஹ் முஸ்லிமில் ஹலரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் ஒளுச் செய்தார். அவருடைய பாதத்தில் ஒரு நகத்தின் அளவு இடம் மட்டும் நனையாமல் நின்றுவிட்டது. அதைக் கண்ணுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று ஒளுவை அழகுறச் செய்யுமாறு பணித்தார்கள். அவரும் திரும்பிச் சென்று செம்மையாகச் செய்துவிட்டுப் பிறகு தொழுதார். கவனியுங்கள் சகோதரிகளே! உடலில் நனையாமல் விடுபட்டது ஒரு நகத்தின் அளவு. அதற்கே அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பத்து விரல்களின் நகங்களும் பூச்சுக்குள் மூடிக் கிடந்தால் நம் நிலை என்ன?

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் மற்றொரு ஹதீஸும் நாம் அறிந்ததுதான். ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருக்கிவிட, தோழர்கள் அவசரமாக ஒளுச் செய்தார்கள். குதிகால்களில் சரியாகத் தண்ணீர் படவில்லை. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் உரத்த குரலில், அந்தக் குதிகால்களுக்கு நரகின் கேடு உண்டு என எச்சரித்தார்கள். அவசரத்தால் விடுபட்ட இடத்துக்கே இவ்வளவு கடுமை என்றால், தெரிந்தே நாம் ஏற்படுத்திக்கொண்ட மறைப்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பூச்சு என்பது என்ன?

நகப் பூச்சு வெறும் நிறமன்று. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் படலம் தரும் பொருளை, எளிதில் ஆவியாகும் எதைல் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற திரவங்களில் கரைத்து, நிறப்பொடியும் மினுக்கும் கலந்து குப்பியில் அடைக்கிறார்கள். நகத்தில் தடவியதும் திரவம் ஆவியாகிப் போய்விடும். படலம் மட்டும் இறுகி நின்றுவிடும். ஒரு காலத்தில் மோட்டார் வண்டிகளுக்கு அடித்த பளபளப்பு வண்ணமும் இதே நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டுதான் செய்யப்பட்டது. வண்டித் தகட்டில் மழைநீர் படாமல் காப்பது எதுவோ, அதுவே நகத்தின் மேலும் அமர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1952இல் டாட்டா நிறுவனத்தார் லாக்மே என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நாளில் வசதி படைத்தோர் மட்டுமே வாங்கிய ஒப்பனைப் பொருள்கள் இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்டன.

இப்போது பரவியிருக்கும் ஜெல் பூச்சு இதனினும் கெட்டியானது. புற ஊதா விளக்கின் கீழ் விரலை வைத்து அதை இறுகச் செய்கிறார்கள். இரண்டு வாரமேனும் அசையாது நிற்கும். எடுக்க வேண்டுமானால் மேற்புறத்தை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சுற்றி, கால் மணி நேரம் போல் காத்திருக்க வேண்டும். ஆகவே அதைப் போட்ட பிள்ளை ஒவ்வொரு ஒளுவுக்கும் எடுத்துவிட்டு மீண்டும் போடப்போவதில்லை. இரண்டு வாரம் என்றால் 14 நாட்கள். நாளைக்கு ஐந்து வேளை. ஆக 70 வேளைத் தொழுகை. நகத்துக்குக் கொடுத்த காசு வீணாகக்கூடாதே என்று எண்ணி 70 தொழுகைகளை வீணாக்குவது எந்த வகை வியாபாரம்?

நிறம் வேறு, பொருள் வேறு

நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபையும், உள்நாட்டில் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபையும் பின்பற்றுகிறோம். இம்மஸ்அலாவில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபட்டே நிற்கின்றன. கழுவ வேண்டிய உறுப்பின் மேல் தண்ணீரைத் தடுக்கும் பொருள் ஏதும் இருக்கக்கூடாது என்பதே அது.

பொன்னானி மண்ணில் வாழ்ந்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய பத்ஹுல் முஈன், நம் அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபு. ஒளுவின் நிபந்தனைகளைச் சொல்லுமிடத்தில் அவர்கள் சுண்ணாம்பு, மெழுகு, உறைந்த எண்ணெய் ஆகியவற்றைத் தடுப்புப் பொருள்களாக எண்ணுகிறார்கள். மையும் மருதாணியும்கூட அந்த வரிசையில் வருகின்றன. ஆனால் அவற்றின் பொருள் ஒட்டியிருக்கும்போது மட்டுமே. பொருள் நீங்கி நிறத்தின் அடையாளம் மட்டும் நின்றால் குற்றமில்லை என்றும், ஓடும் எண்ணெயாலும் குற்றமில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இமாம் நவவி (ரஹ்) அவர்களும் இதே பாகுபாட்டை விளக்கியுள்ளார்கள்.

சகோதரிகளே! இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் நூறு மஸ்அலாவுக்கு விடை கிடைத்துவிடும். அரைத்த மருதாணி விழுது கையில் இருக்கும்போது ஒளு கூடாது. அதைக் கழுவிய பின் நிற்கும் சிவப்பால் ஒளுவுக்குத் தடையில்லை. மஞ்சள் அரைத்த கையின் மஞ்சள் நிறம் தடையன்று. விரலில் காய்ந்து ஒட்டிய பரோட்டா மாவு தடை. பேனா மையின் கறை தடையன்று. எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளைப் பூச்சு விரலில் காய்ந்து நின்றால் தடை. தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் கையில் படர்ந்திருந்தால் தடையன்று. மெழுகுவர்த்தி உருகி விரலில் இறுகினால் தடை. நகப் பூச்சு இவற்றில் எந்த வகை? விரலால் தடவிப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்து வரும் பொருள் அது. ஐயத்துக்கு இடமேயில்லை.

சொல்லப்படும் சமாதானங்கள்

ஒன்று: தோல் மோஸாவின் மேல் மஸஹுச் செய்ய அனுமதி இருக்கிறதே, பூச்சையும் அப்படிக் கருதினால் என்ன என்று கேட்போர் உண்டு. மோஸாவின் சலுகை நபிவழியால் காலுக்கு மட்டும் தரப்பட்டது. முழுமையான ஒளுவோடு அணிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உள்ளூரில் இருப்போருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பிரயாணிக்கு மூன்று பகல்களும் மூன்று இரவுகளும் என்று கால எல்லை உண்டு. குளிப்புக் கடமையானால் அதையும் கழற்றியாக வேண்டும். கையுறைக்குக்கூட இல்லாத சலுகையை நகப் பூச்சுக்கு நாமாக வழங்கிவிட முடியாது.

இரண்டு: காயத்தில் கட்டுப் போட்டால் அதன்மேல் மஸஹுச் செய்கிறோமே என்பர். கட்டு நிர்ப்பந்தம், பூச்சு விருப்பம். ஒன்றுக்கொன்று ஒப்பாகாது. நகத்தில் பூஞ்சை நோய் கண்டு, மருத்துவர் தந்த மருந்துப் பூச்சைத் தடவியிருப்போரின் நிலை வேறு. அவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லி, தீர்ப்புக் கேட்டு நடக்க வேண்டும்.

மூன்று: ஹலால் என்று முத்திரை இட்டு விற்கிறார்களே என்பர். அதில் பன்றிக் கொழுப்பு போன்ற விலக்கப்பட்ட பொருள்கள் சேரவில்லை என்பது ஒரு செய்தி. அதன் ஊடே தண்ணீர் இறங்கி நகத்தை நனைக்கும் என்பது வேறு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் விற்றுவிடுகிறார்கள். மாவும் ஹலால்தான், விரலில் காய்ந்த மாவோடு ஒளு நிறைவேறுவதில்லை.

நான்கு: காற்றும் நீரும் புகும் பூச்சு வந்துவிட்டதே என்பர். போலந்து நாட்டின் இங்லோட் நிறுவனம் ஓ2எம் என்ற பெயரில் அப்படியொரு பூச்சை வெளியிட, 2013ஆம் ஆண்டளவில் உலகெங்கும் முஸ்லிம் பெண்களிடையே அது பெரும் பேச்சாயிற்று. அதன்பின் பல நிறுவனங்கள் அதே வழியில் வந்துவிட்டன. வடிதாளில் பூச்சைத் தடவி, மேலே சொட்டு நீர் விட்டு, அடியில் ஈரம் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. சோதனைக்கேற்ப ஆகுமென்று சொன்ன ஆலிம்களும் இருக்கிறார்கள். ஆகாது என்றவர்களும் இருக்கிறார்கள். இங்கே நாம் நினைவில் வைக்க வேண்டியது யாதெனில், ஒளுவில் கடமையாக்கப்பட்டது கழுவுதல். கழுவுதல் என்றால் தண்ணீர் உறுப்பைத் தொட்டு அதன் மேல் ஓடுவது. நீராவி ஊடுருவுவதும், நேரம் கழித்து ஈரம் கசிவதும் கழுவுதல் ஆகா. அதுவும் சோதனை செய்தவர் ஒரு மெல்லிய பூச்சில் செய்கிறார். நம் பிள்ளையோ அடிப்பூச்சு, இரண்டு நிறப் பூச்சு, மேற்பூச்சு என்று நான்கு அடுக்கு ஏற்றுகிறாள். ஐயமுள்ளதை விட்டு ஐயமற்றதன்பால் செல்லுமாறு நம் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழியே இதில் நமக்குப் பாதுகாப்பு.

என்றும் நிலைப்பது மருதாணி

அப்படியானால் நகத்துக்கு அழகே கூடாதா? கூடும், அதுவும் பூச்சினும் நீண்டு நிலைக்கும் அழகு கூடும். அதுதான் மருதாணி.

மருதாணி இலையிலுள்ள சாயம், நகமும் தோலும் ஆன அந்தப் பொருளோடு கலந்து ஒன்றிவிடுகிறது. மேலே படலமாக அமர்வதில்லை. ஆகவே பெயரவும் செய்யாது. தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. உள்ளங்கைச் சிவப்பு தோல் உதிர உதிர இரண்டொரு வாரத்தில் மங்கிவிடும். நகத்துச் சிவப்போ நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போலத்தான் வளர்கிறது. அடியிலிருந்து நுனி வரை புதிதாக வளர ஆறு மாதம் வரை ஆகும். மூன்று நாளில் நுனி பெயரும் பூச்சையும், மாதக்கணக்கில் நிற்கும் மருதாணியையும் ஒப்பிட்டு எது சிக்கனம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு பெண்மணி திரைக்குப் பின்னிருந்து கடிதத்தை நீட்ட, அது ஆணின் கையா பெண்ணின் கையா என்று தெரியவில்லையே என நாயகம் (ஸல்) அவர்கள் வினவி, பெண்ணாயின் நகங்களை மருதாணியால் நிறம் மாற்றியிருக்கலாமே என்ற கருத்தில் கூறியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களுக்கிடையே பேச்சு உண்டு. எனினும் இஹ்ராம் கட்டுமுன் பெண்கள் கைக்கு மருதாணி இடுவதை ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் சுன்னத்தாகவே எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் அம்மியில் அரைத்து விரலுக்குத் தொப்பி வைத்த மருதாணிக்கு இத்தனை பெருமை இருக்கிறது.

நிறம் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் கீழ்க்காணும் முறையைக் கையாளலாம்:

இஷாத் தொழுது முடித்த பிறகு இடுவதே உத்தமம். விழுதை எடுக்க வேண்டிய அவசரமின்றி ஸுபுஹு வரை நேரம் கிடைக்கும்.

நகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு இடுக. எண்ணெய் இருந்தால் சாயம் இறங்காது.

புதிய இலையை நீர் மிகாமல் மைய அரைக்க வேண்டும். தேயிலைக் கஷாயமோ எலுமிச்சைச் சாறோ சிறிது சேர்ப்பது வழக்கம். காயக் காய எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்து மேலே ஒற்றினால் விழுது உதிராமல் நிற்கும்.

எடுத்தவுடன் செம்மஞ்சளாகத் தெரிவது கண்டு மனம் தளர வேண்டாம். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில் நிறம் ஆழ்ந்துவிடும்.

காலையில் விழுதைச் சுரண்டி எடுத்தபின், நகக் கண்ணிலும் விரலிடுக்கிலும் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவிவிட்டே ஒளுவுக்குச் செல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அரைமணியில் கருப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கருப்பு மருதாணியை வாங்காதீர்கள். இயற்கை மருதாணி கருப்பாகவோ உடனடியாகவோ பிடிப்பதில்லை. தலைமுடிச் சாயத்தில் கலக்கும் ஒரு ரசாயனத்தை அதில் சேர்க்கிறார்கள். தோல் கொப்புளித்துத் தழும்பு பட்டவர்கள் பலர். குறிப்பாகக் குழந்தைகளின் கைக்கு அது ஆகவே ஆகாது.

தொழுகையில்லாத நாட்களில்

மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, ஒளுவும் இல்லை. அந்நாட்களில் பூச்சு இட்டுக்கொள்வதில் ஒளு பற்றிய தடை எதுவும் எழாது. அந்தச் சில நாட்களுக்குப் பூச்சு பெயராமல் நிற்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. பூச்சு பெயர்வதன் காரணம், நகம் தண்ணீரில் ஊறி விரியும்போது மேலுள்ள படலம் கூடவே விரியாமல் வெடிப்பதுதான். ஆகவே கையை நீரில் ஊறவைத்த உடனே பூச்சு இடக்கூடாது. நகத்தின் எண்ணெய்ப் பசையை நீக்கி, கெட்டியாக ஒரே தடவை பூசாமல் மெல்லியதாக இரு தடவை, முன்னது காய்ந்தபின் பின்னதாக இட்டு, நகத்தின் நுனி விளிம்பிலும் தூரிகையை ஓட்டி அடைத்துவிட வேண்டும். பாத்திரம் துலக்கும்போது கையுறை அணிந்தால் இன்னும் நல்லது. இதனால் ஐந்தாறு நாட்கள் நிற்கும்; நமக்குத் தேவையும் அவ்வளவே.

இங்கேதான் மிகப் பெரிய எச்சரிக்கை. உதிரம் நின்றதும் குளிப்பதற்கு முன்னரே பூச்சை முற்றும் நீக்கிவிட வேண்டும். ஒளுவில் நகம் நனையாவிட்டால் அந்த ஒளு நிறைவேறாது. குளிப்பில் நனையாவிட்டால் குளிப்பே நிறைவேறாது. பெருந்தொடக்கு நீங்காமல் நிற்கும். அந்நிலையில் எத்தனை தொழுதாலும் தொழுகை கூடாது. ஜெல் பூச்சு இரண்டு வாரம் நிற்பதால் இந்த நாட்களின் எல்லையைத் தாண்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பூச்சை நீக்கும் அசிட்டோன் திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையிலோ எரியும் விளக்கின் அருகிலோ அதைத் திறக்கக்கூடாது. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துக. நீக்கியபின் நகம் வறண்டு வெளுக்கும். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்தால் போதும்.

சில மஸ்அலாக்கள்

1. ஒளுச் செய்தபின் பூச்சு இட்டால், அந்த ஒளு முறியும் வரை அதைக்கொண்டு தொழலாம். பூச்சு தொழுகையை முறிப்பதில்லை. அடுத்த ஒளுவைத்தான் தடுக்கிறது. திருமண வீட்டுக்குச் செல்வோர் இதை அறிந்து நடக்கலாம். ஒளு முறிந்ததும் நீக்கிவிட்டே மறு ஒளுச் செய்ய வேண்டும்.

2. ஒளுச் செய்தபின் ஒரு கைவிரல் நகத்தில் பழைய பூச்சு மிச்சமிருப்பதைக் கண்டால், ஷாபிஈ மத்ஹபின்படி அதை நீக்கி அவ்விடத்தைக் கழுவி, வரிசை பேணுவது பர்ளு என்பதால் தலை மஸஹையும் கால் கழுவுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். கால் நகத்தில் கண்டால் அவ்விடத்தைக் கழுவினால் போதும். ஹனபி மத்ஹபில் வரிசை பர்ளு அல்ல என்பதால் இரண்டிலும் அவ்விடத்தைக் கழுவினாலே நிறைவேறிவிடும். இவையெல்லாம் இடையில் ஒளு முறியாதிருந்தால்தான்.

3. அந்த ஒளுவோடு தொழுதிருந்தால் அத்தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டும்.

4. கடமையான குளிப்புக்குப் பிறகு கண்டால் அதை நீக்கி அவ்விடத்தில் மட்டும் தண்ணீர் ஓடவிட்டால் குளிப்பு நிறைவேறிவிடும். முழுவதும் மீண்டும் குளிக்க வேண்டியதில்லை. இடையில் தொழுதவற்றைக் கழாச் செய்ய வேண்டும். எத்தனை வேளை என்று நினைவில்லாதோர், இதற்கு மேல் இராது என்று மனம் உறுதிகொள்ளும் அளவுக்குக் கணக்கிட்டு, அன்றாடத் தொழுகையோடு சிறுகச் சிறுக நிறைவேற்றுக.

5. ஒட்டுநகம் எனப்படும் செயற்கை நகத்துக்கும் இதே சட்டம்தான்.

6. நகத்தை வெட்டாமல் நீளமாக வளர்ப்பது இயற்கை மரபுக்கு மாறானது. நகம் வெட்டுவதை 40 நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நீண்ட நகத்தின் அடியில் அழுக்குச் சேர்ந்து தண்ணீரைத் தடுத்தால் ஒளு கூடுமா என்பதில் ஷாபிஈ இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளக்கம் காட்டியிருக்கிறார்கள். வெட்டிவிட்டால் வேறுபாட்டுக்கே வேலையில்லை.

7. மரணித்த பெண்ணின் நகத்தில் பூச்சிருந்தால், மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் அதை மென்மையாக நீக்கிவிட்டே குளிப்பாட்ட வேண்டும். மௌத்து எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. நம் நகத்தைப் பிறர் சுத்தம் செய்யும் நிலை வருமுன் நாமே சுத்தமாக வைத்திருப்பது நல்லதல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் மகளின் விரலில் பூச்சைக் கண்டதும் சீறி விழும் தாய்மார்கள் உண்டு. ஒளு கூடாது, தொழுகை கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதைக் கேட்ட பிள்ளையோ, பூச்சு இருப்பதால்தான் தொழவில்லை என்று தொழுகையையே விட்டுவிடுகிறாள். இது நோயை நீக்கப் போய் உயிரை வாங்குவது போலாகும். பூச்சு ஆகுமான அலங்காரம். தொழுகையை விடுவதோ பெரும் பாவம். பூச்சு இருக்கிறது என்பது தொழுகையை விடுவதற்கு ஒருபோதும் காரணமாகாது. ஒரு துண்டுப் பஞ்சும் நான்கு சொட்டு அசிட்டோனும் போதும். சாதாரணப் பூச்சு இரண்டு நிமிடத்தில் போய்விடும். நேரம் முடியுமுன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடக் கற்றுக்கொடுப்பதே தாயின் கடமை.

ஆகவே ஊரிலிருந்து பொத்தேரிக்கு ரயிலேறும் மகளின் பெட்டியில் முறுக்கும் ஊறுகாயும் வைக்கும்போது, ஒரு சிறு பொட்டலம் மருதாணிப் பொடியும் பூச்சு நீக்கும் திரவக் குப்பி ஒன்றும் சேர்த்து வையுங்கள். வைக்கும்போது இந்த மஸ்அலாவையும் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். விடுதி அறையில் அவள் தனியாக இருக்கும்போது அவளுக்கு நினைவூட்ட நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. நீங்கள் சொன்ன சொல் இருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். உங்கள் தோழியரில் பூச்சோடு ஒளுச் செய்கிறவள் இருந்தால் நாலு பேர் முன் சுட்டிக்காட்டி நாணச் செய்யாதீர்கள். தனியே அழைத்து, ஒரு நகத்தளவு இடம் நனையாத அந்த மனிதரின் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்து விரட்டவில்லை. திரும்பிப் போய் அழகாகச் செய்யச் சொன்னார்கள். அவரும் போனார், செய்தார், வந்து தொழுதார். திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ள நமக்கும் இன்னும் அவகாசம் இருக்கிறது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களின் ஒளுவைப் பூரணமாக்கி, தொழுகையை ஏற்று, ஒளுவின் உறுப்புகள் ஒளிவீசும் கூட்டத்தாரில் மறுமையில் நம் அனைவரையும் எழுப்புவானாக! ஆமீன்.